தூரத்து வெடிப்பும் இருண்ட ஆற்றலும்: சமணர் மலை அடிவாரத்தில் கேட்ட கேள்விகள்

அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில், வானம் தெளிவாக இருந்தால், கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் நாங்கள் நாலைந்து பேர் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு நிற்போம். சனியின் வளையத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். பாதிப் பேர் பார்த்த கையோடு கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் குளத்தங்கரையில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். "பிரபஞ்சம் விரியுதுங்கிறீங்க, அதுவும் வேகம் கூடிக்கிட்டே போகுதுங்கிறீங்க. யாரு தம்பி போய் அளந்தது?" என்று ஒருமுறை ஒரு பெரியவர் கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதிலில் எனக்கே திருப்தியில்லை. அதே கேள்வி அதற்கப்புறமும் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அந்த வேகத்தைக் கூட்டும் ஏதோ ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். அதைக் காட்டிக்கொடுத்த தூரத்து நட்சத்திர வெடிப்புகளைப் பற்றி, வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதிய பதில்கள் இவை.

சரி, யார் போய் அளந்தார்கள்?

யாரும் போக வேண்டியதில்லை. அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இங்கே வந்து சேர்கிறது. அதில் இரண்டு விஷயங்களை அளக்கிறார்கள்.

முதலாவது, மங்கல். இரவில் வைகைக் கரைச் சாலையில் நின்று பாருங்கள். எல்லாத் தெருவிளக்கும் ஒரே வாட்தான். ஆனாலும் தள்ளிப் போகப் போக மங்கலாகத் தெரியும். இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் விளக்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் நம் கண்ணுக்கு வரும். மூன்று மடங்கு என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்துவிட்டால், மங்கலை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இரண்டாவது, நிறம். பிரபஞ்சம் விரியும்போது அதன் ஊடே வந்துகொண்டிருக்கும் ஒளியின் அலைநீளமும் சேர்ந்து இழுபடும். நீலம் சிவப்புப் பக்கமாக நகரும். இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். அலைநீளம் ஒன்றரை மடங்காகி வந்திருந்தால், அந்த ஒளி புறப்பட்ட நாளிலிருந்து இன்றைக்குள் பிரபஞ்சமும் ஒன்றரை மடங்காகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒளி எவ்வளவு தூரம் வந்தது என்பதை மங்கல் சொல்லும். அதற்குள் பிரபஞ்சம் எவ்வளவு விரிந்தது என்பதை நிறம் சொல்லும். பக்கத்தில், நடுவில், வெகு தொலைவில் என்று நூற்றுக்கணக்கான இடங்களுக்கு இந்த இரண்டு எண்களையும் எடுத்து அடுக்கினால், விரிவின் வரலாறு கைக்கு வந்துவிடும். சிக்கல் ஒன்றுதான்: வாட் தெரிந்த விளக்கு வேண்டும், அது பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலும் கண்ணில் பட வேண்டும்.

அப்படி ஒரு விளக்கு வானத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. 1ஏ வகை சூப்பர்நோவா.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து சுருங்கினால் கடைசியில் பூமி அளவே உள்ள ஒரு வெள்ளைக் குள்ளன் மிஞ்சும். பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும்தான் அதில். தனியாக இருந்தால் காலத்துக்கும் ஆறிக்கொண்டே கிடக்கும். பக்கத்தில் ஜோடி நட்சத்திரம் இருந்தால்தான் வம்பு. ஜோடியிடமிருந்து பொருளை இழுத்துக்கொண்டோ, ஜோடியும் இன்னொரு வெள்ளைக் குள்ளனாக இருந்து இரண்டும் மோதியோ, கார்பன் பற்றிக்கொள்ளும். சில விநாடிகளில் நட்சத்திரம் முழுக்க வெடித்துச் சிதறிவிடும். மிச்சம் எதுவும் இருக்காது.

வெள்ளைக் குள்ளனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு: சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார். நோபல் பரிசு வந்ததென்னவோ 1983இல். ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லா 1ஏ வெடிப்பும் இந்த வரம்பைத் தொட்ட பிறகே நடக்கிறது என்று பழைய புத்தகங்களில் இருக்கும். வரம்புக்குக் கீழேயும் வெடிக்கலாம் என்பதுதான் இன்றைக்குப் பல ஆய்வாளர்களின் கருத்து. எது எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

வெடிப்பில் உருவாகும் நிக்கல்-56 என்ற கதிரியக்க நிக்கல் சிதைந்து கோபால்ட்டாகி, கோபால்ட் சிதைந்து இரும்பாகும். அந்தச் சிதைவின் வெப்பம்தான் நாம் பார்க்கும் வெளிச்சம். மூன்று வாரத்துக்குள் உச்சத்துக்கு ஏறும். அந்த உச்சத்தில் சுமார் 500 கோடி சூரியனுக்குச் சமம். பிறகு வாரக்கணக்கில் மெல்ல மங்கும். நம் ரத்தத்தில் ஓடும் இரும்பில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான் என்று சொன்னால், கேட்பவர்கள் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லா வெடிப்பும் ஒரே வாட் என்று எப்படி நம்புவது?

நம்பக் கூடாது. ஒரே வாட் கிடையாது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் அம்மன் சன்னதி பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, அதனால் பதிலும் அங்கிருந்தே கிடைத்தது.

மல்லிகையை நாம் முழம் போட்டுத்தான் வாங்குகிறோம். முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. கை நீளமானவர் அளந்தால் பூ கூட வரும், குட்டையானவர் அளந்தால் குறையும். அப்படியானால் முழக்கணக்கே உதவாதா? உதவும், ஒரு வழி இருக்கிறது. பொதுவாக உயரமானவர்களுக்குக் கை நீளம். கடைக்காரர் உயரம் தெரிந்தால் அவருடைய முழம் எத்தனை அங்குலம் என்று ஓரளவுக்குச் சரியாகவே சொல்லிவிடலாம். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறினாலும் பரவாயில்லை, மாறுவதற்கு ஒரு விதி இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

சூப்பர்நோவாவின் 'உயரம்' எது என்பதை வானியலர் மார்க் பிலிப்ஸ் 1993இல் காட்டினார்: பிரகாசமாக வெடிப்பவை மெதுவாக மங்குகின்றன, குறைந்த பிரகாசத்தில் வெடிப்பவை சீக்கிரம் மங்குகின்றன. மங்க எத்தனை நாள் ஆனது என்று இங்கிருந்தே எண்ணிவிடலாம் என்பதுதான் இதன் அழகு. அந்தக் காலகட்டத்தில் சிலியில் காலான்-டொலோலோ குழுவினர் பக்கத்து கேலக்ஸிகளில் வெடித்தவற்றைப் பொறுமையாக அளந்து இந்த விதியை உறுதிப்படுத்தினார்கள். நோபல் பரிசைப் பற்றி ஊர் பேசும்போது அதிகம் அடிபடாத பெயர்கள் அவை. என்னைக் கேட்டால் பாதிப் பெருமை அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

நிறத்தையும் சேர்த்துத் திருத்திய பிறகு வெடிப்புக்கு வெடிப்பு பிரகாசத்தில் இருக்கும் வித்தியாசம் சுமார் 15 சதவீதமாகக் குறைகிறது. தூரக் கணக்கில் ஏறத்தாழ 7 சதவீதப் பிழை. வானியலில் இது தங்கத் தராசு.

நாள் எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரியும் பிரபஞ்சம் அலைநீளத்தை மட்டுமல்ல, நாட்களையும் இழுத்துவிடும். ஒன்றரை மடங்கு விரிவுக்கு அப்பால் 20 நாள் நடந்த சங்கதி, நமக்கு 30 நாளாகத் தெரியும். இருண்ட ஆற்றல் கணக்கெடுப்பு என்ற குழு 2024இல் சுமார் 1500 சூப்பர்நோவாக்களை வைத்து இந்த இழுபாட்டைத் துல்லியமாகச் சரிபார்த்தது. பிரபஞ்சம் உண்மையிலேயே விரிகிறதா என்று சந்தேகப்படுகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துப் போடும் சாட்சி இதுதான்.

எப்போது எங்கே வெடிக்கும் என்று தெரியாதே, எப்படிப் பிடிக்கிறார்கள்?

ஒரு கேலக்ஸியில் இந்த வகை வெடிப்பு சில நூறு ஆண்டுகளுக்கு ஒன்றுதான். ஒரே கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுள் முடிந்துவிடும். அதனால் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளை ஒரே மூச்சில் படம் எடுப்பார்கள். அமாவாசை முடிந்ததும் ஒரு தடவை, அடுத்த அமாவாசைக்குச் சற்று முன் மறுபடி ஒரு தடவை. இரண்டாவது படத்திலிருந்து முதல் படத்தைக் கணினியில் கழித்தால், புதிதாக முளைத்த புள்ளி மட்டும் மிஞ்சும். கண்டுபிடிக்கும் முன்பே பெரிய தொலைநோக்கிகளில் நேரம் முன்பதிவு செய்துவிடலாம் என்பதுதான் இந்த முறையின் சாமர்த்தியம். முகூர்த்தத்துக்கு ஒரு வருஷம் முந்தியே மண்டபம் பிடிப்பது போல.

புள்ளி கிடைத்ததும் நிறமாலை எடுப்பார்கள், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஹைட்ரஜன் தடயம் இருக்கக் கூடாது, சிலிக்கன் தடயம் இருக்க வேண்டும். இருந்தால் 1ஏ.

1998இல் என்ன நடந்தது?

இரண்டு குழுக்கள் போட்டி போட்டன. கலிபோர்னியாவில் சால் பெர்ல்மட்டர் நடத்தியது ஒன்று. பிரையன் ஷ்மிட் தலைமையில் ஆடம் ரீஸ் முதலானோர் இருந்தது இன்னொன்று. ஈர்ப்பு விசை இழுப்பதால் பிரபஞ்சத்தின் விரிவு நாளுக்கு நாள் குறைய வேண்டும், எவ்வளவு குறைகிறது என்று அளப்போம் என்றுதான் இருவரும் கிளம்பினார்கள். கிடைத்தது தலைகீழ். தூரத்துச் சூப்பர்நோவாக்கள் இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருந்தன. பொருள் குறைவாக உள்ள பிரபஞ்சம் என்று வைத்துக்கொண்டால்கூட, 10 முதல் 15 சதவீதம் கூடுதல் தூரத்தில் இருந்தன. ரீஸ் குழு கையில் 16 தூரத்து வெடிப்புகள், பெர்ல்மட்டர் குழு கையில் 42. ஒன்றையொன்று தோற்கடிக்கத் துடித்த இரண்டு பேரும் ஒரே விடையோடு வந்து நின்றதால்தான் உலகம் நம்பியது. 2011 இயற்பியல் நோபல் மூவருக்கும்.

மங்கலாக இருந்தால் வேகம் கூடுகிறது என்று எப்படி ஆகும்?

பலரும் தலையாட்டிவிட்டுப் போய், மறுமாதம் வந்து திரும்பக் கேட்கும் கேள்வி இது.

திருமங்கலத்திலிருந்து ஒரு பஸ் வருகிறது. பெரியார் நிலையத்துக்குள் நுழையும்போது அதன் வேகம் 30 என்று பார்க்கிறீர்கள். வழியில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாலுவழிச் சாலையில் பறந்து வந்து இப்போதுதான் வேகத்தைக் குறைத்திருந்தால், கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வழியெல்லாம் உருண்டு உருண்டு வந்து இப்போதுதான் 30ஐத் தொட்டிருந்தால், அதிக நேரம் ஆகியிருக்கும். கடைசி வேகமும் ஒன்று, கடந்த தூரமும் ஒன்று. நேரம் மட்டும் வேறு.

பிரபஞ்சம் ஒன்றரை மடங்கு விரிந்தது, அது கடந்த தூரம். இன்றைய விரிவு வேகம் நமக்குத் தெரியும். ஒன்றரை மடங்காக எவ்வளவு காலம் எடுத்தது என்பதுதான் கேள்வி. முன்பு மெதுவாக விரிந்திருந்தால் காலம் அதிகம். காலம் அதிகமென்றால் ஒளி கூடுதல் தூரம் பயணப்பட்டிருக்கும், அதனால் கூடுதலாக மங்கியிருக்கும். அளந்தபோது மங்கல் கூடுதலாகத்தான் இருந்தது. ஆக, முன்பு வேகம் குறைவு, இப்போது அதிகம்.

நடுவில் தூசி மறைத்திருக்கக் கூடாதா?

கேட்டவர் மேலூர்க்காரர். கிரானைட் தூசிக்குள் வாழ்ந்தவருக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1998இல் வல்லுநர்களும் முதலில் இதைத்தான் கேட்டார்கள்.

தூசி மங்கச் செய்யும்போது சிவக்கவும் செய்யும். சாயங்காலம் நாகமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது பார்க்கிறோமே, அது போல. தூரத்துச் சூப்பர்நோவாக்களில் அவ்வளவு மங்கலை விளக்கும் சிவப்பு இல்லை. சரி, எல்லா நிறத்தையும் சமமாக மறைக்கும் சாம்பல் தூசி கேலக்ஸிகளுக்கு நடுவே பரவியிருந்தால்? இந்த வாதத்தை நிறத்தை வைத்து மடக்க முடியாது. இன்னும் தூரம் போய்ப் பார்க்க வேண்டும். தூசிதான் காரணம் என்றால், தூரம் கூடக் கூட மங்கலும் விடாமல் கூட வேண்டும். இருண்ட ஆற்றல்தான் காரணம் என்றால், ஓர் எல்லைக்கு அப்பால் அந்தக் கூடுதல் மங்கல் குறைய வேண்டும். அவ்வளவு தூரத்து ஒளி கிளம்பியது, ஆதியில் பொருள் நெருக்கமாக இருந்து, ஈர்ப்பின் கை ஓங்கி, விரிவு வேகம் குறைந்துகொண்டிருந்த காலத்தில்.

ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் 1997எஃப்எஃப் என்ற சூப்பர்நோவா சிக்கியது. ஒளி புறப்பட்டு சுமார் 1000 கோடி ஆண்டுகள். 2001இல் கணக்கு வெளியானது. தூசிக் கணக்கு சொன்னதைவிட அது பிரகாசமாக இருந்தது. பிறகு ஹபிள் பிடித்த மற்ற தூரத்துச் சூப்பர்நோவாக்களும் அதையே சொன்னதும் சாம்பல் தூசி வாதம் படுத்துவிட்டது. குறைந்துகொண்டிருந்த வேகம் கூடத் தொடங்கியது இன்றைக்குச் சுமார் 500–600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி.

அந்த இருண்ட ஆற்றல் என்பதுதான் என்ன?

வேகம் கூட ஏதோ காரணம் இருக்க வேண்டும். அந்த 'ஏதோ'வுக்கு வைத்த பெயர்தான் இருண்ட ஆற்றல். சிலர் கரும் ஆற்றல் என்கிறார்கள். இரண்டு பெயரும் எனக்குப் பிடிக்காது. 'இருண்ட' என்றதும் பில்லி சூனியம்வரை பேச்சு போய்விடுகிறது.

எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்: பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம். இருண்ட பொருள் என்ற இன்னொன்று கால்வாசிக்கு மேல். அது வேறு, இது வேறு. நாம், மலை, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து 5 சதவீதம்தான். இவ்வளவு பெரிய பங்கு ஏன் கையில் தட்டுப்படவில்லை என்றால், அது எங்கும் மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது. பூமி அளவுள்ள இடத்தில் இருக்கும் மொத்த இருண்ட ஆற்றலை எடையாக மாற்றினால் சுமார் 6 மில்லிகிராம். ஓர் அரிசிமணி எடைகூட வராது. ஆனால் கேலக்ஸிகளுக்கு நடுவே கிடக்கும் இடம் கொஞ்சநஞ்சமா? கூட்டிப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிடுகிறது.

அதன் குணத்தை டபிள்யூ என்ற ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். ஜிகர்தண்டாவில் ஐஸ் கரையக் கரைய நீர்த்துப்போகும். சாதாரணப் பொருளும் அப்படித்தான். பிரபஞ்சம் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் அதன் அடர்த்தி எட்டில் ஒன்றாகிவிடும். டபிள்யூ சரியாக -1 என்றால், எவ்வளவு விரிந்தாலும் இருண்ட ஆற்றலின் அடர்த்தி நீர்த்துப்போகாது, அப்படியே இருக்கும். ஐன்ஸ்டைன் 1917இல் தன் ஈர்ப்புச் சமன்பாட்டில் சேர்த்து, பிறகு அவரே கைவிட்ட அண்டவியல் மாறிலி இப்படிப்பட்டதுதான். வெற்றிடத்துக்கே உரிய ஆற்றல் இது என்றால் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் குவாண்டம் கோட்பாட்டை வைத்து வெற்றிட ஆற்றலை நேரடியாகக் கணக்கிட்டால், அளந்ததைவிட 1க்குப் பின் 120 சுழியம் போட்ட அளவுக்கு அதிகமாக வருகிறது. இயற்பியலிலேயே மிக மோசமாகத் தவறிய கணக்கு இதுதான் என்பார்கள்.

மதுரையும் விரிகிறதா?

இல்லை. பூமி, சூரியக் குடும்பம், நம் கேலக்ஸி எல்லாம் ஈர்ப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையத்துக்குப் போகும் நேரம் வருஷா வருஷம் கூடுவதற்குக் காரணம் வேறு.

இருண்ட ஆற்றல் மாறுகிறது என்று செய்தியில் வந்ததே, உண்மையா?

தீர்ப்பு வரவில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநில மலை மேல் டெசி என்ற கருவி, 5000 ஒளியிழைகளை வைத்துக் கேலக்ஸிகளின் தூரத்தை வேறு வழியில் அளக்கிறது. ஆதிப் பிரபஞ்சத்தில் பரவிய ஒலி அலைகள் கேலக்ஸிகளின் பரவலில் விட்டுப்போன ஒரு நீளம்தான் அதற்கு அளவுகோல். 2025 மார்ச்சில் அவர்கள் சொன்னது: எங்கள் அளவையும் சூப்பர்நோவா அளவையும் பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் நுண்ணலை ஒளியையும் சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுவிழப்பது போலத் தெரிகிறது.

எவ்வளவு உறுதி? தற்செயலாக நேர்ந்திருக்க எவ்வளவு வாய்ப்புக் குறைவு என்பதைச் சிக்மா என்ற அளவில் சொல்வார்கள். எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அப்போதைய கணக்கில் 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மா வரை. இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும். தொகுப்பு மாறினால் விடை இவ்வளவு மாறுகிறதே என்பதுதான் என் கவலை. பக்கத்துச் சூப்பர்நோவாக்களைப் பழைய கருவிகளிலும் தூரத்துச் சூப்பர்நோவாக்களைப் புதிய கருவிகளிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். தராசில் சில சதவீதக் கோணல் இருந்தால்கூட இதே 'மாற்றம்' தோன்றிவிடும். கனமான கேலக்ஸிகளில் வெடிப்பவை, எல்லாத் திருத்தமும் செய்த பிறகும், ஒரு பொடி பிரகாசம் கூட என்பது முன்பே தெரிந்தது. வெடித்த நட்சத்திரத்தின் வயதும் கணக்கில் சேர வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். பூக்கார அக்கா கதைதான்: உயரத்தை மட்டும் பார்த்தோம், வயதைப் பார்த்தோமா?

சிலியில் 8.4 மீட்டர் ஆடியுடன் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பத்து வருஷத்துக்கு வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுப்பது அதன் திட்டம். கிடைக்கப்போகும் சூப்பர்நோவாக்கள் லட்சக்கணக்கில், அதுவும் ஒரே கருவியில். அதுவரை யாராவது அடித்துப் பேசினால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

கொடைக்கானலில் இதைப் பார்க்கிறார்களா? தேனி நியூட்ரினோ திட்டம் இதற்குத்தானா?

இரண்டுக்கும் இல்லை. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்தின் வேலை சூரியனைப் பார்ப்பது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிட்டது நியூட்ரினோ துகளுக்கு. அங்கே ஆய்வகம் எழும்பவில்லை. இந்தியாவில் சூப்பர்நோவா பார்க்க லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதன் பெயர் இமாலய சந்திரா. யார் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம்மால் ஒன்றைப் பார்க்க முடியுமா?

பக்கத்தில் வெடித்தால் முடியும். 2023 மே மாதம் எம்101 கேலக்ஸியில், 2.1 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒன்று வெடித்தது. கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த அமெச்சூர் வானியலர் ஒருவர். ஊர் வெளிச்சத்தைத் தாண்டிப் போய் எங்கள் எட்டு அங்குலத்திலேயே பார்த்தோம். ஊசி முனை அளவுப் புள்ளி. ஆனால் அது 1ஏ வகை இல்லை. பெரிய நட்சத்திரம் உள்ளுக்குள் இடிந்து வெடித்த ரகம், தூரக் கணக்குக்கு ஆகாது. அதே கேலக்ஸியில் 2011இல் அசல் 1ஏ வெடித்தபோது எங்களிடம் தொலைநோக்கி இல்லை.

தூரத்துச் சூப்பர்நோவாக்கள் எந்த வீட்டுத் தொலைநோக்கிக்கும் எட்டாது. அளவுகள் எட்டும். பேந்தியன் பிளஸ் என்ற தொகுப்பில் 1550 சூப்பர்நோவாக்களின் 1701 பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செம்பெயர்ச்சியும் தூரமும் இருக்கும் பத்திகளை எடுத்து எக்செல்லில் வரைந்தால் போதும். எங்களோடு வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, பொருள் மட்டுமே நிறைந்த பிரபஞ்சத்துக்கான கோட்டையும் அதே படத்தில் போட்டுப் பார்த்திருக்கிறாள். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது, கூடவே ஒரு கேள்வியும்: "சார், புள்ளியெல்லாம் கோட்டுக்கு மேலயே போகுது. எங்கயோ தப்பு பண்ணிட்டேனா?"